தோட்டத்துக்குள் நுழைந்த ஆசிரியர்: கோ. நடேசய்யர்

ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அச்சமூகத்தின் வரலாற்றை யார் கற்பிப்பது என்ற கேள்வி பார்வைக்கு எளிதானது. விடை காண்பதற்கோ கடினமானது. பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைச்சாரலை நோக்கி ஏறிச்செல்லும் வழியில் அமைந்துள்ள ஸ்பிரிங்வெளியிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் கல்வி பயிலும் பிள்ளைகள், அனுராதபுர, பொலனறுவைக் காலத்து மன்னர்களைப் பற்றியும் அவர்கள் கட்டிய குளங்களைப் பற்றியும் விரிவாகக் கற்கின்றனர். அது அவசியமானதே. ஆனால், தமது பாட்டன் பாட்டிமார் இம்மலைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர், அவர்களுக்காக முதலில் குரல்கொடுத்தவர்கள் யாவர் என்று வினவினால், அப்பிள்ளைகளிற் பலர் மௌனமாகவே நிற்பர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே அவ்வரலாற்றை முறையாகக் கற்கும் வாய்ப்புப் போதியளவு கிடைக்கவில்லை என்பதே உண்மை நிலையாகும்.

தோட்டத் தொழிலாளருக்காக எழுந்த முதற்குரல்களுள் வலிமைமிக்க ஒன்று, ஓர் ஆசிரியருடைய குரலாக இருந்தது என்பது இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. தேசபக்தன் கோ. நடேசய்யர் என்ற பெயரைக் கேட்டவர்கள் அவரைத் தொழிற்சங்கத் தலைவராகவும், பத்திரிகையாளராகவும், சட்டசபை உறுப்பினராகவுமே பெரும்பாலும் அறிவர். அவை அனைத்துக்கும் அடிப்படையாக அவருக்குள் இருந்த ஆசிரியரை நாம் அதிகம் நினைவுகூர்வதில்லை.

1887ஆம் ஆண்டு தஞ்சாவூரிற் பிறந்த நடேசய்யர், கல்வி கற்று அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றியவர். வணிகத் துறையில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், தென்னிந்திய வர்த்தகர்களின் நலன்சார்ந்த பணிகளின் பொருட்டு 1915ஆம் ஆண்டளவில் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். சிங்கள–முஸ்லிம் கலவரத்தால் நாடு அதிர்ந்திருந்த காலப்பகுதி அது. இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த கரையோர முஸ்லிம்கள் அக்கலவரத்திற் பெரும் இழப்புகளுக்கு உள்ளாகினர். கடல்கடந்து வந்தோரின் வாழ்வு இங்கு எவ்வளவு நிலையற்றது என்பதை உணர்த்திய காலத்திலேயே, அவர் மலைநாட்டின் பக்கம் தமது பார்வையைத் திருப்பினார்.

அன்றைய மலைநாட்டின் நிலையைச் சுருக்கமாகவேனும் அறிந்தாலன்றி, அவர் செய்த காரியத்தின் பெறுமதியை விளங்கிக்கொள்ள முடியாது. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்படலாயினர். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதையடுத்து, அவ்வருகை ஆண்டு முழுவதுமான நிலையான குடியிருப்பாக மாறியது. ஊவாவுக்கு வந்தவர்களின் பயணம் ஏனையோருடையதை விடவும் நீண்டது. பதுளை வரையிலான புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றதாகையால், அதற்கு முந்திய தலைமுறையினர் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்தே நமுனுகுலச் சாரலை அடைந்தனர்.

வந்து சேர்ந்தவர்களை வரவேற்றது கடன். ஊரிலிருந்து புறப்பட்ட செலவு, வழிச் சாப்பாடு, முற்பணம் ஆகிய அனைத்தும் கங்காணியின் கணக்கில் ஏறின. தோட்டத்தை விட்டு வேறிடம் செல்ல வேண்டுமாயின், கடன்தொகை எழுதப்பட்ட துண்டு வேண்டும். புதிய தோட்டத்துத் துரை அக்கடனைச் செலுத்தினாலன்றி அத்தொழிலாளிக்கு விடுதலையில்லை. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாத மக்களுக்குத் தம் பெயரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டுள்ளது என்பதே தெரியாதிருந்த காலம் அது. அறியாமை என்பது அங்கு தற்செயலான குறைபாடன்று. அம்முறைமையைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒன்று.

இந்நிலையை நேரிற் கண்டறிய நடேசய்யர் விரும்பினார். தோட்டங்களோ துரைமாரின் தனி இராச்சியங்களாக இருந்தன. அனுமதியின்றி உள்ளே நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டுத் தண்டனைக்குரியதாக இருந்தது. அனுமதி கேட்டாலும் கிடைக்காது. எனவே அவர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் நுழைந்தார். துணிமூட்டையுடன் வரும் வியாபாரிகளைத் தடுப்பதற்கு எவருமில்லை. வாசலில் அமர்ந்து துணியை விரித்தவாறே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, நோயுற்றால் என்ன நேர்கிறது, பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் கேட்டறிந்தார். கற்பிக்க வந்தவர் முதலிற் கற்றுக்கொண்டார் என்பதே அவரது வாழ்வின் முதற்பாடம் எனலாம். ஏட்டில் இல்லாத ஒரு வரலாற்றை, அதை வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் வாயிலிருந்தே அவர் பெற்றுக்கொண்டார்.

பின்னர் கொழும்பிற் குடியேறிய அவர், மருத்துவர் ஈ. வி. இரத்தினத்துடன் இணைந்து 'தேசநேசன்' பத்திரிகையை நடத்தினார். 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையை ஆரம்பித்தார். இப்பத்திரிகையே அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைபெற்றது. தோட்டத்தில் நடந்தது தோட்டத்தோடு மறைந்துபோகும் என்றிருந்த நிலையை அது மாற்றியது. அடிபட்ட தொழிலாளியின் முறைப்பாடு அச்சேறியது. கொழும்பிலும் சென்னையிலும் அது வாசிக்கப்பட்டது.

1924ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தத்தின்கீழ் சட்டநிரூபண சபையில் இலங்கைவாழ் இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அத்தேர்தலில் ஐ. எக்ஸ். பெரைராவும் முகம்மது சுல்தானும் தெரிவாகினர். சுல்தான் 1925ஆம் ஆண்டிற் காலமானதையடுத்து, அவ்வாசனத்துக்கான இடைத்தேர்தலில் நடேசய்யர் வெற்றிபெற்றார். ஒரு முஸ்லிம் பிரதிநிதி வகித்த ஆசனத்திலிருந்தே தோட்டத் தொழிலாளரின் துயரம் சபையில் இடையறாது ஒலிக்கத் தொடங்கியது. அவ்வாசனம் நாடு முழுவதுக்கும் உரியதாகையால், ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கும் அவரே உறுப்பினர். ஆயினும் அம்மக்களிற் பெரும்பாலானோருக்கு அன்று வாக்குரிமை இருக்கவில்லை. எழுத்தறிவும் வருமானமும் உடையோருக்கே வாக்கு என்பது விதி. தமக்கு வாக்களிக்க முடியாத மக்களுக்காகப் பேசுவதையே அவர் தமது முதற்கடமையாகக் கொண்டார்.

தொழிற்சங்க உலகில் அவர் முதலில் ஏ. ஈ. குணசிங்கவுடன் இணைந்து பணியாற்றினார். கொழும்பு நகரத் தொழிலாளரை அணிதிரட்டிய அவ்வியக்கத்தில், இந்தியத் தொழிலாளருக்கு எதிரான போக்கு 1920களின் பிற்பகுதியில் தலைதூக்கியபோது அவர் விலகினார். 1931ஆம் ஆண்டில் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கெனத் தோன்றிய முதலாவது தொழிற்சங்கம் என்று அது வரலாற்றிற் குறிக்கப்படுகிறது. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி, 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை வெட்டிய காலம் அது. துரைமாரும் பெரிய கங்காணிகளும் ஒருங்கே எதிர்த்து நிற்க, சம்பளக் குறைப்புக்கு எதிராக அவர் இடையறாது போராடினார்.

அவர் தொழிலாளரிடம் பேசிய விதமே நமது கவனத்துக்குரியது. எழுத்தறியாத மக்களுக்கு நீண்ட சொற்பொழிவுகள் மட்டும் போதா என்பதை ஆசிரியராக இருந்த அவர் நன்கறிந்திருந்தார். ஆகவே சிறு பிரசுரங்களை எழுதினார். ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் லயத்து வாசலிற் சுற்றியிருந்து கேட்கத்தக்க எளிய நடையில் அவை அமைந்தன. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'நீ மயங்குவதேன்?' என்ற நூல் தொழிலாளியை நேரில் விளித்து, தன் நிலையைத் தானே எண்ணிப்பார்க்கத் தூண்டியது. தோட்டத் தொழிலாளர் தொடர்பான சட்டங்களை எளிய தமிழில் விளக்கும் நூலையும் அவர் எழுதினார். சட்டம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அது துரையின் சட்டம்; தமிழில் வந்தபின்னரே தொழிலாளியின் கைக்கு எட்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1937ஆம் ஆண்டில் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்ற நாடகத்தை வெளியிட்டார். காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் விடிய விடிய நிகழும் தோட்டங்களில் நாடகம் எவ்வளவு வலிய பாடசாலை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவரது துணைவியார் மீனாட்சியம்மையின் பங்கும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் அரசியற் பாடல்களை இயற்றி, கூட்டங்களில் அவரே பாடினார். பேச்சுத் தொடங்குமுன் பாட்டு மக்களைத் திரட்டியது. இந்தியத் தொழிலாளரை வெளியேற்றும் முயற்சிகள் தீவிரமடைந்திருந்த சூழலில், 1940ஆம் ஆண்டில் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற தலைப்பில் அவரது பாடல்கள் நூலுருப் பெற்றன. கொழுந்து கொய்யும் பெண்கள் பொதுமேடையிற் பேசுவதை எண்ணியும் பார்க்க முடியாதிருந்த காலத்தில், ஒரு பெண் மேடையேறி உரிமையைப் பாடியமையே ஒரு கல்வியாகும்.

அவ்வாறாயின், அக்காலத்துத் தோட்டப் பாடசாலைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி எழுவது இயல்பே. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே ஒப்படைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் இயங்கிய பாடசாலைகளே பெரும்பாலானவை. அவ்வாசிரியருக்குச் சம்பளம் வழங்கியது தோட்ட நிர்வாகம். வேலையிலிருந்து நீக்கும் அதிகாரமும் துரையிடமே இருந்தது. இத்தகைய நிலையில், சம்பளம் ஏன் குறைகிறது என்றோ, துண்டு என்றால் என்ன என்றோ பிள்ளைகளுக்கு விளக்கும் துணிவு எந்த ஆசிரியருக்கு வரும்? அவர்களிடம் நல்லெண்ணம் இருக்கவில்லை என்று கூறுவது பொருந்தாது. நியாயத்தைக் கற்பிக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கவில்லை. பாடசாலைக்குள் கூற முடியாததை, பாடசாலைக்கு வெளியே நின்று நடேசய்யர் கூறினார்.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் மற்றுமோர் ஆசிரியர் இதே சிக்கலை எதிர்கொண்டார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1875ஆம் ஆண்டிற் பிறந்தவர் கார்ட்டர் ஜி. வூட்சன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதிலேயே உயர்நிலைப் பாடசாலைக்குச் சென்று, 1912ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். நடேசய்யர் இலங்கைக்கு வந்ததாகக் கூறப்படும் அதே 1915ஆம் ஆண்டில், கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தை வூட்சன் தோற்றுவித்தார். 1926ஆம் ஆண்டு பெப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடக்கிவைத்தார். அதுவே 1976ஆம் ஆண்டில் ஒரு மாத கால நிகழ்வாக விரிவடைந்தது.

வூட்சன் விழா எடுப்பதோடு நின்றுவிடவில்லை என்பதே இங்கு முக்கியமானது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் கையில் உரிய சாதனம் இல்லாவிடில் வாரமும் மாதமும் வெறும் சடங்காகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆசிரியர்களுக்கென நூல்களையும் படங்களையும் பாடக் குறிப்புகளையும் ஆயத்தம் செய்து அனுப்பினார். 1937ஆம் ஆண்டில் பாடசாலை ஆசிரியர்களையும் மாணவர்களையும் கருத்திற்கொண்டு தனியொரு சஞ்சிகையை ஆரம்பித்தார். நடேசய்யரின் நாடகம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் தன் வரலாற்றை அறியாத மனிதன் தனக்கு இழைக்கப்படும் அநீதியை இயல்பானதென்றே ஏற்றுக்கொள்வான் என்ற உண்மையை இருவரும் தத்தம் வழியிற் கண்டுகொண்டனர். வேறுபாடு ஒன்றே. வூட்சனுக்குப் பின்னால் ஆசிரியர் படை ஒன்று உருவாகியது. நடேசய்யருக்கு அது வாய்க்கவில்லை.

1936ஆம் ஆண்டில் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யர், 1947ஆம் ஆண்டு வரை அங்கம் வகித்தார். இதற்கிடையில் களம் மாறியிருந்தது. 1939ஆம் ஆண்டில் ஜவஹர்லால் நேருவின் வருகையையடுத்து இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் விரைவிற் பரந்தது. 1940ஆம் ஆண்டில் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அவ்வலை ஊவாவையும் அடைந்தது. பதுளையை அண்டிய வெவெஸ்ஸ தோட்டத்தில் இடதுசாரிகளின் தலைமையில் நடைபெற்ற போராட்டம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இப்போராட்டங்களை நடேசய்யர் வழிநடத்தவில்லை. ஆனால் தொழிலாளி அணிதிரள முடியும், கேள்வி கேட்க முடியும் என்ற எண்ணத்தை மலைநாட்டில் முதலில் விதைத்தவர்களுள் அவர் முன்னணியில் நின்றவர் என்பதை மறுப்பதற்கில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அப்பாராளுமன்றத்தில் நடேசய்யருக்கு இடம் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர் காலமானார்.

நாடு சுதந்திரமடைந்ததை அவர் காணவில்லை. அதையடுத்து நேர்ந்ததையும் காணவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டிலேயே அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் அம்மக்களைக் கேளாமலேயே முடிவாகியது. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெருமளவு தீர்வு கிட்டியது.

நடேசய்யரைப் போற்றும்போது அவரது எல்லைகளையும் எடுத்துரைப்பதே நேர்மையான வரலாறாகும். அவர் தொழிலாளரை இந்தியராகவே கண்டார்; தமது சங்கத்துக்கும் அப்பெயரையே இட்டார். அக்காலத் தலைவர்கள் பலரின் பார்வையும் அதுவே. ஆனால், இந்த மண்ணிலேயே பிறந்து, இதையே தாயகமாக வரித்துக்கொண்ட இன்றைய மலையகத் தமிழ் மக்கள் தம்மை அவ்வாறு அடையாளப்படுத்த விரும்புவதில்லை. இம்மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதை மாணவர் விவாதித்து அறிவதும் வரலாற்றுக் கல்வியே. தலைவர்களை வணங்கக் கற்பிப்பதைவிட, அவர்களை விளங்கிக்கொள்ளக் கற்பிப்பதே மேலானது.

நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்த இம்மனிதரை மீட்டெடுத்துத் தந்த பெருமை ஆய்வாளர்களையே சாரும். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதிய கலாநிதி குமாரி ஜயவர்த்தன அவரது பணியைப் பதிவுசெய்தார். மலையக எழுத்தாளர் சாரல்நாடன், 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார். எனினும் ஆய்வு நூலில் உள்ளது வகுப்பறைக்கு வந்து சேர ஒரு பாலம் வேண்டும். அப்பாலம் ஆசிரியரேயன்றி வேறில்லை.

தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தினாற் பொறுப்பேற்கப்பட்டன. கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்திலேயே அப்பணி ஆரம்பமாகியது. பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, மலையகத்திலிருந்தே பயிற்றப்பட்ட ஆசிரியர்களை உருவாக்கி வருகின்றது. துரைக்கு அஞ்சிய அன்றைய ஆசிரியரின் நிலை இன்று இல்லை. பதுளை, பண்டாரவளை, பசறை ஆகிய பகுதிகளில் ஆசிரியர்களுக்கான சேவைக்காலப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. அவை பெரும்பாலும் பாடத்திட்டத்தையும் பரீட்சையையுமே சுற்றி அமைகின்றன. சமூக நீதியையும் தம் மக்களின் வரலாற்றையும் எவ்வாறு கற்பிப்பது என்பதற்கும் அப்பயிற்சிகளில் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியர்கள் முதலில் லயங்களுக்குச் சென்று மூத்தோரிடம் கேட்டறியலாம். ஒப்பாரியும் தாலாட்டும் கும்மியும் அறிந்த கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. பழைய சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பம் என்பன வீட்டுப் பெட்டிகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டிப் பாடமாக்கும் வழியை ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பயில வேண்டும். இப்பயிற்சியில் தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் இருசாராரும் பங்குபற்றுவது அவசியம். ஊவாவில் தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகளில் இரு சமூகத்தவரும் உள்ளனர். தோட்டத் தொழிலாளரின் தலைவராக நீண்டகாலம் விளங்கிய அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம் என்பதையும், 1949ஆம் ஆண்டின் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் இரு சாராரையும் பெயர்சொல்லிக் குறித்தது என்பதையும் அப்பிள்ளைகள் ஒருங்கே அறிந்தால், ஒரு சமூகத்தின் துயரம் மற்றைய சமூகத்துக்கு அந்நியமானதன்று என்பது தெளிவாகும். சிங்கள ஆசிரியர்களும் இவ்வரலாற்றை அறிய முன்வரும் நாள், நாட்டுக்கே நன்மை பயக்கும் நாளாகும்.

2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த பாதையில் மீண்டும் நடந்தமை உள்ளத்தைத் தொடும் நிகழ்வாகும். எனினும், நடைபயணம் ஒருமுறை நிகழ்வது. பாடம் நாள்தோறும் நிகழ்வது. நூறாண்டுக்கு முன்னர் ஓர் ஆசிரியர் புடைவை மூட்டையைச் சுமந்து வேடமிட்டே தோட்டத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. இன்று ஸ்பிரிங்வெளியின் ஆசிரியருக்கு அத்தகைய வேடம் எதுவும் தேவையில்லை. பாடசாலையின் கதவு திறந்தே இருக்கிறது, பிள்ளைகளும் காத்திருக்கின்றனர். அவர்களுக்குக் கூறவேண்டியதை ஆசிரியர் அறிந்திருப்பதற்கு வழிசெய்வதே கல்வி அதிகாரிகளினதும் சமூகத்தினதும் கடமையாகும்.